தண்ணீரில் வாங்கிய பெயர்

தம்பி மைக்கேல் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வீடு தேடி வந்து நிற்கிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று ரெஜினாவுக்குத் தெரியும். சும்மா வருகிற ஆள் இல்லை அவன். ரங்கூனின் தின்கன்ஜூனில் இருவர் வீட்டுக்கும் நடுவே சில தெருக்கள்தான். கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் நினைவுநாளுக்கும் தவிர அவன் அந்தத் தெருக்களைத் தாண்டி வந்ததில்லை. அது 2006-ஆம் வருடத்து மழைக்காலம். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நம்ம பேரு இருக்குல்ல, தல்மேய்தா. அதுக்கு இப்ப ஒரு வேலை வந்திருக்கு."

அந்த 'நம்ம' என்ற சொல்லே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்துக் கிடந்தது. தெருவில் யார் யாரை எதற்கு அடிப்பார்கள் என்று தெரியாது. அப்போதுதான், அப்பா வாசலில் அடித்து வைத்திருந்த 'தல்மேய்தா' என்ற பலகையை மைக்கேல் நெம்பிக் கழற்றி அடுப்பில் வைத்தான். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் மைக்கேல் வின் மௌங் என்ற பர்மியப் பெயருக்கு மாறிவிட்டான். வாகன பேட்டரி கடையின் போர்டிலும் வின் மௌங். கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். அவன் மனைவி வீட்டாரில் பாதிப் பேருக்கு அவனுக்கு இன்னொரு பெயர் இருந்ததே தெரியாது.

ரெஜினா மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குரிய அடியையும் வாங்கினாள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவரவருக்கு அவரவர் பெயர், அதோடு சரி. அடையாள அட்டை கேட்டுப் போன இடத்தில் அதிகாரி அவள் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தல்மேய்தா அவர் வாயில் தாமேதா ஆனது. "அப்பா தாமேதா, தாத்தா தாமேதா, நீயும் தாமேதா. ஒரு வீட்டுல எத்தனை தாமேதா?" பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேரு வெள்ளைக்காரன் பேரு. மூஞ்சி கலா மூஞ்சி." கலா என்றால் இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு ஆள். அதைச் சொல்லும்போது பர்மியர் சிலர் உதட்டை எப்படிச் சுழிப்பார்கள் என்பது அங்கே வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்குக் கிடைத்தது முழுக் குடியுரிமை இல்லை, அதற்கு ஒரு படி கீழே. பள்ளிக்கூடத்தில் கடைசி வரைக்கும் அவள் கீழ்நிலை ஆசிரியைதான். அவள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பெண்கள் தலைமை ஆசிரியைகளாகி அவளுக்கே உத்தரவு போட்டார்கள். பொறுக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறாள்.

"உனக்கு ஏது அந்தப் பேரு?" என்று கேட்டாள். "நீதான் அடுப்புல வெச்சிட்டியே."

"அக்கா, சண்டைக்கு வரல. ஸ்டெல்லாவுக்காக வந்திருக்கேன்."

ஸ்டெல்லா அவன் மகள். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆறு பாடத்திலும் சிறப்புத் தேர்ச்சி. மருத்துவக் கல்லூரிக்கு அது போதும். ஆனால் முழுக் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. மைக்கேல் பெயரை மாற்றினானே தவிர, அவன் தகப்பனை மாற்ற முடியவில்லை. அட்டையில் அப்பாவின் பெயர் இன்னும் தல்மேய்தாதான். அதிகாரி ஒரு வழி சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் படையெடுத்து வருவதற்கு முன்னாலேயே இந்த மண்ணில் இருந்த குடும்பம் என்றால் கேள்வி கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில், அந்தக் காலத்துச் சிரியத்தில், நானூறு வருடத்துக்கு முன் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டியிருந்தார்கள். கோட்டை விழுந்ததும் ராஜா அந்தப் போர்வீரர்களை மேல் பர்மாக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். அவர்கள் வம்சத்தை இன்றும் பயிஞ்சி என்பார்கள். அவர்கள் முழுக் குடிமக்கள்.

"நாமளும் பயிஞ்சின்னு சொல்லிருவோம். பேரே சாட்சியா இருக்கே. இப்ப லிஸ்பன்லேந்து ஒரு ஆள் வந்திருக்காரு. அல்மெய்தா, நம்ம பேருதான். உலகத்துல இந்தப் பேரு எங்கெங்க இருக்குன்னு புஸ்தகம் எழுதுதாரு. நம்மளைப் பத்தி அதுல வந்துட்டா ஆபீசுல ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. குடும்பத்துல மூத்தவ நீ, பேரை வெச்சிருக்கவளும் நீ. நீ சொன்னாத்தான் நம்புவாரு."

"என்னன்னு சொல்லணும்?"

"பாட்டன் பூட்டன் எல்லாம் தன்லியின் கோட்டை வீரங்கன்னு."

ரெஜினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப தாத்தா யாருடா? சூசை தல்மேய்தா யாரு? தூத்துக்குடியிலேந்து கப்பல் தளத்துல சுருண்டு படுத்து வந்து அரிசி மூட்டை தூக்குனாரே, அவரு யாரு?"

மைக்கேல் தலையைக் குனிந்துகொண்டான். தாத்தாவின் கதை இருவருக்கும் தெரியும். நாற்பத்தொன்றில் ஜப்பான்காரன் ரங்கூன் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று அவர் வேலைக்குப் போனார், திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. செத்தவர் யார் யார் என்று பெயர் கேட்க யாரும் வரவும் இல்லை. கூலிகள் பல பேர் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது.

"அவரு ஒரு தடவை செத்தாச்சு. இப்ப நீயும் நானும் சேந்து இன்னொரு தடவை கொல்லணுமா?"

"செத்தவரு கோவிச்சுக்க மாட்டாருக்கா. உசிரோட இருக்கவளைப் பாரு."

அன்று அவனை விரட்டிவிட்டாள். ஆனால் மாலையில் ஸ்டெல்லா வந்தாள். கெஞ்சவில்லை. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக் கொடுத்தாள். போகும்போது மட்டும் பர்மிய மொழியில் சொன்னாள், "அத்தை, நான் வேற எதுவும் கேட்டதில்ல." அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு ரெஜினாவால் மறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

அடுத்த வாரம் மைக்கேல் வாடகைக் கார் பிடித்து எல்லாரையும் தன்லியினுக்கு அழைத்துப் போனான். பழைய மாதா கோவிலில் கூரை இல்லை. செங்கல் சுவர்கள் மட்டும் பாசி பிடித்து நின்றன. வந்திருந்தவர் தோமாஷ் அல்மெய்தா, ஓய்வு பெற்ற இன்ஜினியர். வெயிலில் மூக்கு சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, ஆனாலும் சிரித்த முகம். மைக்கேலின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தொலைந்துபோன அண்ணன் தம்பி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரெஜினாவைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து முதலில் படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் பேசினார். ரெஜினாவுக்கு அது சிரமம் இல்லை.

"அல்மெய்தா எங்கள் நாட்டில் எல்லையோரம் இருக்கும் ஒரு கோட்டை ஊர். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த அரபிகள் வைத்த பெயர் அது என்பார்கள். அல்-மாயிதா. மேசை என்று அர்த்தம். ஊர் மேசை மாதிரித் தட்டையான மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்களை அல்மெய்தாக்காரர் என்றார்கள். இன்று பிரேசிலில் எங்கள் பெயர் மிக அதிகம். மொசாம்பிக்கில் இருக்கிறது, கோவாவில் இருக்கிறது, மலாக்காவில், கொழும்பில். எல்லா இடத்துக்கும் போய்விட்டேன். இங்கேதான் ஆள் கிடைக்காமல் இருந்தது."

"தூத்துக்குடிக்குப் போனீர்களா?" என்று கேட்டாள் ரெஜினா.

மைக்கேல் திடுக்கிட்டுப் பார்த்தான்.

தோமாஷ் சிரித்தார். "அந்தக் கடற்கரையில் எங்கள் பெயர்கள் மண்ணைப் போலக் கிடக்கின்றன, அம்மா. மீனவர்களைக் கூட்டம் கூட்டமாக நிற்க வைத்து ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்தார்கள், கூடவே பெயரையும் கொடுத்துவிட்டார்கள். ஞானத் தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியன் பெயர் எதுவோ அது. அவை தண்ணீரில் வாங்கிய பெயர்கள். நான் இரத்தத்தில் வந்ததை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறேன். அவர்களையும் சேர்த்தால் என் வரைபடம் தாங்காது."

சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் ரெஜினாவை இன்னும் கொதிக்க வைத்தது. கொட்டகைக்கு வந்த மாடுகளை இது நம்முடையது, இது பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று பிரிக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"எங்களது இரத்தம்தான், சார்" என்றான் மைக்கேல் அவசரமாக. "இந்தக் கோட்டை வீரர்கள். எங்கள் அக்காவைக் கேளுங்கள்."

தோமாஷ் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். ஸ்டெல்லா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா அந்தப் பொய்யை வீட்டிலேயே பலமுறை வாய்க்குள் சொல்லிப் பழகியிருந்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த மேசை உங்கள் மேசையா?" என்று கேட்டாள்.

"புரியவில்லை."

"அரபி வைத்த பெயர் என்றீர்கள். நீங்கள் அரபியா? இல்லை. எவனோ வைத்த பெயரை உங்கள் ஊர் எடுத்துக்கொண்டது. ஊர் பெயரை உங்கள் பாட்டன் எடுத்துக்கொண்டான். நீங்கள் எடுத்தால் இரத்தம், நாங்கள் எடுத்தால் தண்ணீரா?"

"அம்மா, கோபப்படாதீர்கள். அவமதிக்கச் சொல்லவில்லை. இது வெறும் ஆராய்ச்சி."

"எங்கள் மேல் தண்ணீர் தெளித்தவன் சும்மா தெளிக்கவில்லை. ஆளையும் எடுத்துக்கொண்டான், முத்துக் குளிக்கிற கடலையும் எடுத்துக்கொண்டான். பதிலுக்குக் கொடுத்தது இந்தப் பெயர் ஒன்றைத்தான். அதை நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறோம். இந்த ஊரில் அதற்காக நான் வாங்கிய அடியை உங்கள் லிஸ்பனில் ஒருவனும் வாங்கியிருக்க மாட்டான்." அவள் குரல் உடைந்த சுவர்களில் பட்டுத் திரும்பியது. "எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் கோட்டை வீரர் வம்சம் இல்லை. என் தாத்தா பெயர் சூசை தல்மேய்தா. தூத்துக்குடிக்காரர். துறைமுகக் கூலி. குண்டு விழுந்து செத்தார். அன்றைக்கும் அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம்."

மைக்கேலின் முகம் சாம்பலாகிவிட்டது. தமிழில் கத்தினான். "அடிப்பாவி! எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! உன் வீம்புக்கு அவதானா கிடைச்சா?"

"வீம்புன்னா வீம்புதான் போடா!"

அந்தக் காரில் அவள் ஏறவில்லை. மழைச் சகதியில் நடந்து போய், பாலத்தைத் தாண்டி வரும் லைன் பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது.

அந்த நிமிர்வை ஸ்டெல்லா வந்து ஒடித்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அத்தை, நீங்க சொன்னதெல்லாம் உண்மைதான். நீங்க பேசுனப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. ஆனா உங்க உண்மைக்கு விலை குடுத்தது நான். உங்க தாத்தாவை நான் பார்த்ததில்ல. தூத்துக்குடி எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் படிச்சது மட்டும்தான் எனக்குத் தெரியும். பேரு உங்களோடது, கோபம் உங்களோடது. காலேஜ் என்னோடது. அதை ஏன் எடுத்தீங்க?"

ஸ்டெல்லா கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஹாஜராவிடம்தான் அழுதாள். ஹாஜரா கடை வைத்திருப்பவள். லுங்கித் துணியும் நூலும் விற்பாள். அவள் பாட்டனார் கீழக்கரையிலிருந்து வந்தவர்.

"மாயிதாவா?" என்று ஆச்சரியப்பட்டாள். "எங்க குர்ஆன்ல ஒரு சூராவுக்கே அதான் பேரு. அப்ப நீங்க எங்களுக்குச் சொந்தமாக்கும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நீங்க தாத்தாவை விட்டுக் குடுக்கலங்கறீங்க, நல்லது. ஆனா ஒண்ணு சொல்லுறேன், கோவிக்காதீங்க. உங்களுக்காவது பொய் சொல்ல ஒரு பறங்கிக் கப்பல் இருந்துச்சு. எம் பிள்ளைங்களுக்கு அதுவும் இல்ல."

அதைக் கேட்டு ரெஜினாவுக்குக் கோபம்தான் வந்தது. ஹாஜரா மேல் இல்லை. பொய் சொல்ல வழி இருப்பவர்களைப் பார்த்து வழி இல்லாதவர்கள் ஏங்கும்படி வைத்தவர்கள் மேல்.

ஸ்டெல்லா சாதாரணக் கல்லூரியில் வேதியியலில் சேர்ந்தாள். மைக்கேல் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டான். அம்மாவின் நினைவுநாளுக்கும் தனித்தனியாகப் பூசை கொடுத்தார்கள். பங்குக் கோவிலில் எதிரே வந்தால் அவன் இந்தப் பக்கம் பார்க்காமல் போவான். அவள் வேண்டுமென்றே நின்று முறைப்பாள்.

அப்படியே ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் மத்தியானம் ஸ்டெல்லா ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தாள். லிஸ்பனிலிருந்து பங்குச் சாமியார் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே ஒரு முழுப் பக்கத்தில் ரெஜினாவின் படம். பாசி பிடித்த சுவருக்கு முன்னால், உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். கீழே போர்த்துக்கீசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி. சிரியம் கோட்டை வீரர் வழிவந்த அல்மெய்தா குடும்பத்தின் மூத்த பெண்மணி என்று போட்டிருந்தது.

ரெஜினா அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவனுக்கென்ன காது செவிடா?" என்று கத்தினாள். "தொண்டை கிழியச் சொன்னேனே! முகத்துக்கு நேரா சொன்னேனே! அவனுக்கு அவன் படம் பெரிசு, நான் சொன்னது பெரிசில்ல!" பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. ஸ்டெல்லா புத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீங்க அத்தை. இதை ஆபீசுல காட்டியாச்சு. அதிகாரி இது போதும்னுட்டாரு. படத்துல இருக்கவங்க வந்து நான்தான்னு சொல்லணும், அவ்வளவுதான். அடுத்த சேர்க்கைக்கு இன்னும் நேரம் இருக்கு. போன தடவை நீங்க பேசினீங்க. இந்தத் தடவை எனக்காகப் பேசாம இருங்க."

அவளிடம் கெஞ்சல் இல்லை. கடன்பட்டவளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான் என்று ரெஜினாவுக்குப் பட்டது.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள். "சூசை தல்மேய்தா யாருன்னு உனக்குத் தெரியணும். நீ கேட்டுட்டுப் போகணும். பிடிக்காட்டியும் உக்காந்து கேளு."

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். ரெஜினா சொன்னாள். கப்பல் தளத்திலிருந்து துறைமுகக் குண்டுவரை, தமிழில், ஒன்றையும் விடாமல், திட்டித் திட்டிச் சொன்னாள். பெண் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அவர் உயரமா, குட்டையா?" என்று மட்டும் கேட்டாள். அது ரெஜினாவுக்கே தெரியாது.

அலுவலகத்தில் அதே பழைய நாற்காலிகள், வேறு அதிகாரி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது நீங்கதானா, ஸயாமா?" டீச்சரம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

"நான்தான்."

அடுத்த கேள்விக்கு அவள் காத்திருந்தாள். பாட்டன் யார், பூட்டன் யார், எந்தக் கோட்டை, எந்தக் கப்பல். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவர் கேட்கவே இல்லை. "நல்ல புஸ்தகம், தாள் கனமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். முன்பு கலா மூஞ்சியாக இருந்த அதே மூஞ்சி ஒரு வெளிநாட்டுக்காரன் அச்சடித்ததும் கோட்டை வீரன் மூஞ்சியாகிவிட்டது. ரெஜினா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பேசிவிடக் கூடாதே என்று நாக்கைக் கடித்த கடியில் வாயில் ரத்தம் கரித்தது.

வெளியே வந்ததும் மைக்கேல் அவள் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா..."

"கையை விடு. இன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத. நாளைக்கு வா, சோறு போடுதேன். இன்னிக்குப் பேசாத."

அவன் மறுநாள் வந்தான். சோறு போட்டாள். பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள், முன்பு போலவே கொஞ்சமாக.

லிஸ்பனுக்கு அவள் மூன்று கடிதம் போட்டாள். நீ அச்சடித்தது பொய், நான் சொன்னதை எழுது என்று. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஸ்டெல்லா படித்து முடித்து, 2015-இல் தன்லியினுக்கு அப்பால் கியாக்தானில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அத்தைக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். ரெஜினா அதைக் கட்டிக்கொண்டு ஹாஜரா வீட்டு விருந்துக்குப் போனாள்.

"புடவை அழகா இருக்கு" என்றாள் ஹாஜரா, பிரியாணியைக் கிளறிக்கொண்டே. "பொண்ணும் டாக்டராயிட்டா. இன்னுமா கோவம்?"

"ஆமா."

"யார் மேல?"

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். லிஸ்பன்காரன், இரண்டு அதிகாரிகள், தம்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தான். ஒருவரையும் விட்டுவிட மனம் வரவில்லை.

"எல்லார் மேலயும்தான்" என்றாள். "நீ தட்டை எடு, பசிக்குது."